30 மில்லிமீட்டருக்கு என்ன விலை?

2012-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஜப்பானில் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் விற்பனைக்கு வந்தன. ஒன்றின் முகப்பில் டொயோட்டா சின்னம், பெயர் 86. மற்றதில் சுபாரு சின்னம், பெயர் பிஆர்இசட். இரண்டுமே குன்மா மாகாணத்தின் ஓட்டா நகரில், சுபாருவின் ஒரே தொழிற்சாலையில் தயாரானவை. அதே 2 லிட்டர் பாக்ஸர் எஞ்சின், அதே 200 குதிரைத்திறன், அதே பின்சக்கர இயக்கம். ஆனால் இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள், இவை ஒரே கார் இல்லை என்றார்கள். வளைவில் டொயோட்டாவின் பின்பக்கம் சட்டென்று நழுவத் தயாராக இருந்தது. சுபாரு நிதானமாக, பிடிப்போடு திரும்பியது. முக்கியமான காரணம் சஸ்பென்ஷனில் இருந்தது. சுபாரு தன் காருக்கு முன்னால் விறைப்பு கூடிய ஸ்பிரிங்கும் பின்னால் விறைப்பு குறைந்த ஸ்பிரிங்கும் கொடுத்து, ஷாக் அப்சார்பரையும் அதற்கேற்ப அமைத்திருந்தது.

நான்கு ஸ்பிரிங்குகளுக்கு ஒரு காரின் குணத்தை மாற்றும் சக்தி உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது கடினம். அப்படியிருந்தும், கார் வாங்கியவர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் அங்கேதான். அதுவும் பலர் கைவைப்பது தோற்றத்துக்காக.

அந்த ஆசையில் தவறில்லை. 86-ஐப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். தாழ்வான பானெட், இடுப்பு சிறுத்த உடல், பின்னே விரிந்த மட்கார்டு. ஆனால் டயருக்கும் மட்கார்டு வளைவுக்கும் நடுவே மூன்று விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெற்றிடம். அந்த இடைவெளி மூடினால் கார் தரையோடு ஒட்டி உட்கார்ந்தது போல் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். காரைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் விற்கும் கடைகள் அந்தத் தோற்றத்தைத்தான் படமாகப் போட்டு விற்கின்றன. 20, 25, 30 மில்லிமீட்டர் என்று பெட்டியின்மேல் எண்ணும் இருக்கும்.

டொயோட்டாவும் இதை எதிர்பார்த்தே இருந்தது. தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடாவின் குழு உருவாக்கிய இந்தக் காரில் ஆர்சி என்றொரு மலிவு வகையும் வந்தது. பம்பருக்குப் பெயின்ட் கிடையாது, ஏசி கிடையாது, 16 அங்குல இரும்புச் சக்கரம். எப்படியும் எல்லாவற்றையும் கழற்றி மாற்றப் போகிறவருக்கு விலை உயர்ந்த பாகங்களை விற்பானேன் என்ற எண்ணம். 86 என்ற பெயரே 1980களின் ஏஇ86 என்ற சின்னக் கொரோலாவிலிருந்து வந்தது. குன்மாவின் மலைப்பாதைகளில் அந்தக் காரை ஓட்டும் ஒரு பையனின் கதைதான் ‘இனிஷியல் டி’ காமிக்ஸ். வீட்டுக் கொட்டகையில் காரைப் பிரித்து மேயும் கலாசாரத்துக்கு வாரிசாகப் பிறந்த கார் இது.

சரி, ஸ்பிரிங் மாற்றலாம். ஆனால் காரை 30 மில்லிமீட்டர் இறக்கும்போது அந்த 30 மில்லிமீட்டர் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் நல்ல ஸ்பிரிங்கை வாங்குவார், நல்ல இடத்தில் மாட்டுவார். தெரியாதவர் ஆறு மாதத்தில் பழைய ஸ்பிரிங்கைத் தேடுவார்.

சக்கரம் ஏறி இறங்கும் இடம்

ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலும் கீழும் போய்வர ஒரு தூரம் உண்டு. மேலே போகும்போது முடிவில் ஷாக்கின் தண்டில் கோத்திருக்கும் நுரை போன்ற பம்ப் ரப்பர் தடுக்கும். கார் சும்மா நிற்கும்போது, அந்த ரப்பரைத் தொடுவதற்கு முன் சிறிது இடைவெளி இருக்கும். சாலையின் மேடு பள்ளத்தை விழுங்குவது அந்த இடைவெளிதான். காரை 30 மில்லிமீட்டர் இறக்கினால் முழு 30-உம் அந்தக் கணக்கிலிருந்துதான் கழிகிறது. மட்கார்டில் மூடிய இடைவெளி, உள்ளே பம்ப் ரப்பருக்கு முன்னாலும் மூடிவிடுகிறது.

இழந்த தூரத்தை ஈடுகட்ட முக்கிய வழி, மீதமுள்ள தூரத்துக்குள் அதே மேட்டைத் தாங்கும்படி ஸ்பிரிங்கை விறைப்பாக்குவது. அதனால்தான் முறையாகச் செய்த லோயரிங் ஸ்பிரிங் எதுவும் காரோடு வரும் கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் கொஞ்சம் விறைப்பாக இருக்கும்.

பிளஸ் ஒன் இயற்பியலில் வரும் ஹூக் விதியை வைத்தே இதைக் கணக்குப் போடலாம். ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று ஸ்பிரிங்கின்மேல் நொடிக்கு 1.5 முறை ஆடும்படி அமைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஆட்டத்துக்குக் காரின் எடையே ஸ்பிரிங்கைச் சுமார் 110 மில்லிமீட்டர் அழுத்தி வைத்திருக்கும். அதே நீளத்தில் 25 சதவீதம் விறைப்பான ஸ்பிரிங் போட்டால் அழுத்தம் 88 மில்லிமீட்டர்தான். அதாவது கார் 22 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும்! அந்த 22-ஐயும் சரிக்கட்டி, மேற்கொண்டு 30-உம் இறங்க வேண்டுமென்றால், புது ஸ்பிரிங் வெளியே வைத்துப் பார்க்கும்போது பழையதைவிட 50 மில்லிமீட்டருக்கு மேல் குட்டையாக இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்ததும் “இவ்வளவு குட்டையா, கார் தரையைத் தொட்டுவிடாதா?” என்று பதறுகிறவர்களுக்குப் பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது.

இதே கணக்கு இன்னொரு சிக்கலையும் காட்டும். ஸ்பிரிங் குட்டையாகிவிட்டது, ஷாக் அப்சார்பரின் நீளம் மாறவில்லை. காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு விலகித் தளதளவென்று ஆடக்கூடும். ஜப்பானில் வாகனப் பரிசோதனையில் இதைத் தட்டிப் பார்ப்பார்கள். ஸ்பிரிங் ஆடினால் தேர்ச்சி இல்லை. அதற்காகவே பல ஸ்பிரிங்குகளில் ஒரு முனையில் சில சுற்றுகளை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். காரின் எடை ஏறியதும் அந்தச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். சக்கரம் தொங்கும்போது விரிந்து இடத்தை நிரப்பும். நெருக்கமும் இடைவெளியும் கலந்த இந்த அமைப்பில், அழுத்த அழுத்த விறைப்பும் ஏறும். புரோகிரசிவ் ஸ்பிரிங் என்று சொல்வது இதைத்தான்.

கம்பியைச் சுற்றும் ஊர்கள்

வெளிப்பார்வைக்கு ஸ்பிரிங் என்பது வளைத்த கம்பி. அதன் விறைப்போ கம்பித் தடிமனின் நான்காம் மடியைப் பொறுத்தது. 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 12.6 மில்லிமீட்டர், அதாவது 5 சதவீதம்தான் கூடுதல். விறைப்போ சுமார் 22 சதவீதம் ஏறிவிடும். சுற்றின் விட்டம் கூடினால் மும்மடியில் விறைப்பு குறையும். சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்தால் விறைப்பு கூடும். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் காரின் குணத்தை மாற்றிவிடும் என்பதால்தான் கம்பி இழுப்பதிலிருந்தே துல்லியம் வேண்டியிருக்கிறது.

உலகின் பெயர்பெற்ற இரண்டு ஸ்பிரிங் கம்பெனிகள் ஜெர்மனியில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருப்பது தற்செயலாகத் தெரியவில்லை. ஐபாக், ஃபின்னன்ட்ரோப்பில் 1951-இல் தொடங்கியது. எச் அண்ட் ஆர், லென்னஷ்டாட்டில் இருக்கிறது. இரண்டும் ஸாவர்லாண்ட் மலைநாட்டில் உள்ளவை. பல நூற்றாண்டுகளாக ஆற்று நீரால் பட்டறை ஓட்டி இரும்புக் கம்பி இழுத்த வட்டாரம் அது. அங்குள்ள ஆல்டெனா நகரில் கம்பிக்கென்றே ஓர் அருங்காட்சியகம்கூட இருக்கிறது. ஜப்பானில் யோகோஹாமாவின் டெயின் 1985-இல் வந்தது. பச்சை நிற ஸ்பிரிங் என்றால் அது டெயின் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். சுபாருவின் பந்தயப் பிரிவான எஸ்டிஐ-யின் இளஞ்சிவப்பு ஸ்பிரிங்கும் அப்படித்தான்.

இந்தப் பட்டறைகளில் சிலிக்கானும் குரோமியமும் கலந்த எஃகுக் கம்பியைச் சுற்றி, உலையில் பதப்படுத்துகிறார்கள். அடுத்து நுண்ணிய எஃகுக் குண்டுகளை வேகமாக வீசி அதன் தோலை அடித்து இறுக்குகிறார்கள். ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் மேற்பரப்பில் தொடங்கும் சிறு கீறலில்தான். இறுகிய தோலில் கீறல் விரியாது. கடைசியாக ஸ்பிரிங்கைச் சுற்றோடு சுற்று முட்டும்வரை ஒருமுறை முழுசாக அழுத்தி விடுகிறார்கள். இறங்க வேண்டியது அங்கேயே இறங்கிவிட்டால் பிறகு காரில் இறங்காது. அதன்மேல் துரு பிடிக்காமல் பூச்சு.

கம்பெனி ஸ்பிரிங்கையே கிரைண்டரில் ஒரு சுற்று அறுத்துவிடுவது பழைய சிக்கன வழி. இத்தனை வேலையையும் அந்த ஒரே வெட்டு வீணாக்குகிறது. கிரைண்டரின் சூடு பட்ட இடத்தில் பதம் போகிறது. வெட்டிய முனையில் பூச்சு இல்லை. இருக்கையில் படிவதற்காக வளைத்த வால்முனை இல்லாததால் ஸ்பிரிங் சாய்ந்து உட்காருகிறது. ஆறு சுற்றில் ஒன்று போனால் விறைப்பு 20 சதவீதம் கூடுவது உண்மை. ஆனால் அது யாரும் திட்டமிட்டு வந்த எண் இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள விகிதம் தன் போக்கில் மாறிவிடும். 86-க்கும் பிஆர்இசட்டுக்கும் உள்ள வேறுபாடே அந்த விகிதம்தான் என்பதை நினைத்தால், அறுப்பதன் அபாயம் விளங்கும்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு காலை

அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் ஸ்பேனரைத் தொடுவதில்லை, டேப்பைத்தான் எடுப்பார். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்வார். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் கணக்கில் கலந்துவிடும். மாட்டி முடித்தபின் எவ்வளவு இறங்கியது, இடமும் வலமும் ஒன்றாக இறங்கியதா என்பதை இந்த எண்களை வைத்துத்தான் சொல்ல முடியும்.

86-இன் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்பெர்சன் 1940களின் கடைசியில் வடிவமைத்த முறை இது. ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நின்று சக்கரத்தைப் பிடிக்கும். சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் ஹோஸின் கிளிப், ஏபிஎஸ் ஒயர் இரண்டையும் தூணிலிருந்து விடுவிக்க வேண்டும். அடுத்து, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியைத் தூணோடு இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க். அதன் நட்டைத் திருகினால் உள்ளே தண்டும் சேர்ந்து சுற்றும். ஆலன் கீயால் தண்டைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருக வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு தூணைப் பிடிக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளும் கழன்றதும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அதை முன்கூட்டியே கம்பியால் கட்டி வைக்காவிட்டால் முழு எடையும் பிரேக் ஹோஸில் தொங்கும். பானெட்டுக்குள் மேலே மூன்று நட்டுகள். கடைசி நட்டைக் கழற்றும்போது ஒரு கை தூணைப் பிடித்திருக்க வேண்டும்.

இனிதான் ஆபத்தான கட்டம். தூணுக்குள் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது. கம்ப்ரஸர் என்ற கருவியால் சுற்றுகளைப் பிடித்து இறுக்கி, மேல் இருக்கையில் அழுத்தம் துளியும் இல்லை என்று கையால் ஆட்டிப் பார்த்த பிறகே நடு நட்டில் கை வைக்கலாம். மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங்கை 150 மில்லிமீட்டர் அழுத்தினால் அதில் சுமார் 280 ஜூல் ஆற்றல் அடங்கியிருக்கும். 25 கிலோ அரிசி மூட்டை ஒரு மீட்டருக்கு மேலிருந்து விழுந்தால் எவ்வளவோ அவ்வளவு. கொக்கி நழுவினால் அது அத்தனையும் எதிரில் இருப்பவர் முகத்துக்கு வரும். வீட்டு முற்றத்தில் வாடகைக் கருவியோடு இந்த ஒரு வேலையை மட்டும் செய்யக் கூடாது என்று மெக்கானிக்குகள் வற்புறுத்துவது இதனால்தான். தூண்களைக் கழற்றி எடுத்துப்போய், சுவரில் பொருத்திய கம்ப்ரஸர் உள்ள கடையில் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வாங்கி வருவது பலர் கடைப்பிடிக்கும் நல்ல நடுவழி.

புது ஸ்பிரிங் ஏறும்போது அதன் வால்முனை கீழ் இருக்கையில் உள்ள படியில் முட்டி நிற்க வேண்டும். விரல் நுனியால் தடவிப் பார்த்தாலே தெரியும். இடைவெளி இருந்தால் ஓட்டும்போது ஸ்பிரிங் திரும்பி உட்கார்ந்து ‘டங்’ என்று சத்தம் போடும். ரப்பர் இருக்கை கிழிந்திருந்தால் இப்போதே மாற்றிவிடலாம். கம்ப்ரஸரின் கொக்கி ஸ்பிரிங்கின் பூச்சைக் கீறியிருந்தால் அந்த இடத்தில் பெயின்ட் தொட்டு வைப்பது நல்ல மெக்கானிக்கின் பழக்கம். துரு அங்கேதான் தொடங்கும், முறிவும் அங்கேதான் தொடங்கும்.

பின்பக்கம் டபுள் விஷ்போன்; சக்கரத்தைக் காரின் உடலோடு மேலும் கீழும் ஆர்ம்கள் இணைக்கும் அமைப்பு. மேல் நட்டுகளைத் தேடி டிக்கியின் பக்கவாட்டு அட்டைகளை விலக்க வேண்டும். வேலை அதேதான். ஆனால் எல்லாவற்றையும் மாட்டியபின் அவசரக்காரர்கள் தவறவிடும் ஒரு காரியம் பின்பக்கத்தில்தான் அதிகம் விளையாட்டுக் காட்டும்.

ஆர்ம்களின் முனையில் இருக்கும் புஷ் வெறும் ரப்பர் வளையம் இல்லை. வெளி உறை, ரப்பர், உள் குழாய் மூன்றும் ஒட்டிய பிண்டம். போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் அசையாது. ஆர்ம் ஏறி இறங்குவதை ரப்பர் முறுக்கிக்கொண்டு அனுமதிக்கும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டால், காரைக் கீழே இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுக்கியபடியே நிற்கும். கார் சொன்ன அளவுக்கு இறங்காது. ரப்பரும் காலத்துக்கு முன்பே கிழியும். ஆகவே போல்ட்டுகளைக் கையால் மட்டும் பிடித்து வைத்து, சக்கரங்களில் காரின் எடை இறங்கிய நிலையில், நான்கு தூண் லிஃப்டிலோ சரிவுப் பலகையிலோ நிறுத்தி, டார்க் ரெஞ்சால் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். வேலையைக் கற்றவர் செய்தாரா, மாட்டத் தெரிந்தவர் செய்தாரா என்பதை இந்த ஒரு காரியத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

உயரத்தோடு சேர்ந்து மாறுபவை

கார் நேராக இறங்குவதில்லை. சக்கரங்கள் ஆர்ம்களின் முனையில் வட்டப்பாதையில் நகர்கின்றன. எனவே உயரம் மாறினால் கோணங்களும் மாறும்.

86-இல் கம்பெனி நிலையில் முன்சக்கரங்கள் ஏறக்குறைய செங்குத்து. பின்சக்கரங்களின் தலை ஒரு டிகிரிக்குச் சற்று மேல் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். கேம்பர் என்பது இந்தச் சாய்வுதான். 30 மில்லிமீட்டர் இறக்கினால் முன்னே சிறிதுதான் மாறும். பின்னே சாய்வு இரண்டு டிகிரியை நெருங்கும். பின்சக்கரம் சாய்ந்து நன்றாகக் கடிக்க, முன்சக்கரம் அப்படியே நிற்க, கார் வளைவில் வெளிப்பக்கம் தள்ளத் தொடங்கும். சட்டென்று திரும்பும் குணத்துக்காகவே 86-ஐ வாங்கியவருக்கு இது பெரிய ஏமாற்றம். முன்னே நக்கிள் போல்ட்டுகளில் ஒன்றுக்குப் பதில் கேம்பர் போல்ட் போட்டு முன்சாய்வைக் கூட்டலாம். பின்னே டோ அளவை, அதாவது சக்கரம் நேர்த்திசையிலிருந்து உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணத்தை, மாற்றக் கம்பெனியே வழி வைத்திருக்கிறது. கேம்பரை மாற்ற வழி வைக்கவில்லை. அதற்கு நீளம் மாற்றக்கூடிய கீழ் ஆர்ம் தனியாக வாங்க வேண்டும்.

டயரை வேகமாகத் தின்பது கேம்பரைவிட டோதான். சக்கரம் தான் உருளும் திசைக்குக் கொஞ்சம் குறுக்கே பார்த்தால் ஒவ்வொரு மீட்டரும் தேய்ப்புதான். கேம்பரும் சேர்ந்திருந்தால் அத்தனை தேய்மானமும் உள்விளிம்பில் விழும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிது போலவே இருக்கும். குனிந்து உட்பக்கம் பார்த்தால்தான் நூல் தெரியும். ஸ்பிரிங்குக்குப் பணம் ஒதுக்கியவர், இந்தக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டுக்கும் அப்போதே ஒதுக்க வேண்டும். புது ஸ்பிரிங் மாட்டிய உடனே ஒன்று, ரப்பர்கள் பழகி உட்காரும்படி சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒன்று என்று இரண்டு முறை பார்ப்பது சிறப்பு.

மெக்பெர்சன் அமைப்பில் இன்னும் ஆழமான விஷயம் ஒன்று உண்டு. கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், கீழ் ஆர்மின் சாய்வைப் பொறுத்தது. காரை இறக்கினால் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கித் திரும்பும். ரோல் சென்டர் காரைவிட வேகமாகக் கீழே போகும். காரின் எடை மையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள தூரம் கூடிவிடும்; வளைவில் உடலைச் சாய்க்கும் நெம்பு நீளும். இறக்கிய கார் குறைவாகச் சாய்கிறதென்றால் அந்தப் புகழ் ஸ்பிரிங்கின் விறைப்புக்கு உரியது, உயரத்துக்கு அல்ல. அளவு மீறி இறக்கினால் கூட்டிய விறைப்பை நீண்ட நெம்பே தின்றுவிடும். அதைச் சரிசெய்ய ஆர்மின் முனையில் மாட்டும் நீளமான பால் ஜாயின்ட் விற்கிறார்கள்.

எடை மையம் கீழே வருவதன் லாபத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். மையம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டரில் இருந்தால், 25 மில்லிமீட்டர் இறக்குவது 5 சதவீதம். வளைவில் வெளிச்சக்கரத்துக்கு மாறும் எடையும் அவ்வளவுதான் குறையும். நல்லதுதான், பெரிய மாயம் இல்லை. நல்ல டயர் தரும் வித்தியாசம் இதைவிடப் பெரிதாக இருக்கும். 86-இன் கம்பெனி டயரான மிஷலின் பிரைமஸி எச்பி, பந்தய டயரே அல்ல; சாதாரணக் கார்களுக்கான டயர். அதை மாற்றிய பிறகே சஸ்பென்ஷனுக்கு வருவது நல்ல வரிசை.

ஷாக்குக்கும் ஒரு வார்த்தை

ஸ்பிரிங் சக்தியைச் சேமித்துத் திருப்பிக் கொடுக்கும். அதை அடக்குவது ஷாக். கம்பெனி ஷாக், கம்பெனி ஸ்பிரிங்கின் விறைப்புக்காக அளந்து செய்தது. 20, 25 சதவீதம் விறைப்பு கூடினால் ஆரோக்கியமான ஷாக் சமாளிக்கும். அதற்கு மேல் போனால், மேட்டில் ஏறிய கார் ஒரு முறைக்கு இரண்டு முறை துள்ளும். ஏற்கெனவே நிறைய ஓடிக் களைத்த ஷாக்கின்மேல் புது ஸ்பிரிங் போடுவதில் பொருளே இல்லை. எப்படியும் தூணைப் பிரிக்கிறோம். ஷாக்கையும் அப்போதே மாற்றினால் இரண்டாவது கூலி மிச்சம்.

பம்ப் ரப்பரை மறக்கவே கூடாது. அது வெறும் தடுப்பு அல்ல. இன்றைய கார்களில் அதுவே ஒரு குட்டி ஸ்பிரிங். வளைவின் நடுவில் வெளிச்சக்கரம் அதைத் தொட்டால் அந்த மூலையின் விறைப்பு ஒரே நொடியில் எகிறும். முன்சக்கரம் என்றால் பிடி விட்டுக் கார் நேராகப் போகும். பின்சக்கரம் என்றால் வால் வீசும். அதனால் சில ஸ்பிரிங் கம்பெனிகள் குட்டையான ரப்பரையும் பெட்டியிலேயே வைக்கின்றன. சிலர் எத்தனை மில்லிமீட்டர் வெட்ட வேண்டும் என்று எழுதி வைக்கிறார்கள். ரப்பரை அடியோடு எடுத்தெறிந்தால் உலோகம் உலோகத்தில் முட்டி ஷாக் செத்துவிடும்.

விறைப்பே வேகம் என்று நம்புகிறவர்கள் லோட்டஸை நினைவில் வைக்கலாம். காலின் சாப்மனின் லோட்டஸ் எலான் 1962-இல் வந்தது. எடை குறைந்த உடல், மென்மையான ஸ்பிரிங், சக்கரத்துக்குத் தாராளமாக ஏறி இறங்க இடம், நல்ல ஷாக். வளைவுகளில் அதைத் துரத்திப் பிடிக்கப் பெரிய எஞ்சின் கார்கள் திணறின. மேடுபள்ளமான மலைச்சாலையில் டயர் தரையை விடாமல் தொட்டுக்கொண்டிருப்பதுதான் பிடிப்பு. கல்லாக விறைத்த கார் அங்கே துள்ளித் துள்ளிப் பிடியை இழக்கும். லோயரிங் ஸ்பிரிங் வாங்குகிறவர் பெரும்பாலும் பொதுச்சாலையில்தான் ஓட்டப் போகிறார். 20 மில்லிமீட்டரோடு நிற்கும் ஸ்பிரிங் அவருக்கு 40 இறக்குவதைவிட அநேகமாக எப்போதும் நல்ல கார் தரும்.

சட்டத்தின் அளவுகோல்

ஜப்பானில் புதுக் கார் மூன்று ஆண்டில் ஒரு முறையும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் ஷாகென் என்ற அரசுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். 1995-இல் அங்கே மாற்றங்களுக்கான விதியைத் தளர்த்தினார்கள். காரில் மாற்றம் செய்வது ஒளிவுமறைவு வேலையாக இருந்த நிலை மாறி, கடைகள் பெருகின. ஆனால் காரின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் 9 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்ற வரம்பு நிற்கிறது. 86-இன் கம்பெனி அளவு 130 மில்லிமீட்டர். 30 இறக்கினால் மீதம் 100. சட்டத்துக்கும் காருக்கும் நடுவே 10 மில்லிமீட்டர்தான். வெளியே வாங்கி மாட்டிய, சற்றே தொங்கும் சைலன்ஸர் ஒன்று போதும், அதையும் தின்றுவிட. ஹெட்லைட் வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதையும் அங்கே கருவி வைத்துப் பார்ப்பார்கள். முன்பின் சமமாக இறங்காத கார் அதில் மாட்டும்.

ஜெர்மனியில் தாளும் வேண்டும், ஆளும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஸ்பிரிங்கோடும் எந்தக் காருக்கு, எவ்வளவு அச்சு எடைக்கு, எந்த டயரோடு என்று விவரிக்கும் நிபுணர் சான்று வரும். ஸ்பிரிங்கிலேயே அச்சிட்ட எண் அதோடு பொருந்த வேண்டும். மாட்டிய கையோடு டியூஃப், டெக்ரா போன்ற ஏதாவது ஒரு பரிசோதனை நிலையத்தில் காட்டிப் பதிய வேண்டும். அங்கே ஒரு மூலைச் சக்கரத்தையும் எதிர்மூலைச் சக்கரத்தையும் மேட்டில் ஏற்றி, காரை முறுக்கி, டயர் மட்கார்டில் எங்காவது உரசுகிறதா என்று பரிசோதகர் கையை விட்டுப் பார்ப்பார். பதியாமல் ஓட்டினால் காரின் அனுமதியே செல்லாமல் போகலாம்.

இரண்டு நாட்டு விதிகளிலும் ஒரே அக்கறைதான் தெரிகிறது. தாழ்த்துவதைத் தடுக்கவில்லை, தாழ்த்திய பிறகும் சக்கரத்துக்கு நகர இடம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு கார்க்காரரும் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுதான்.

கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்குகளைத் துடைத்து, முன், பின் என்று எழுதி ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு வைப்பது நல்லது. காரை விற்கும்போது அவை இருந்தால் வாங்குகிறவர் நிம்மதியாக இருப்பார். லோயரிங் ஸ்பிரிங்கைப் பழையதாக வாங்க நினைப்பவர்களும் உண்டு. ஜப்பானில் அப் கராஜ் போன்ற பழைய உதிரிபாகக் கடைகளில் அவை கிடைக்கும். கையில் எடுத்ததும் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: கம்ப்ரஸர் கொக்கி பிடித்த சுற்றுகளில் பூச்சு உரிந்திருக்கிறதா, நெருக்கமான சுற்றுகளின் நடுவே துரு ஏறியிருக்கிறதா, அச்சிட்ட எண் படிக்கும்படி இருக்கிறதா. மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், அதை எடுத்த அலமாரியிலேயே வைத்துவிடலாம்.